லீவே எடுக்காத முனியாண்டி

அன்று காலை ஒன்பது மணிக்கு, தும்பமலைத் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையின் கேட்டுக்கு முன்னால், ஒரு இயந்திரம் என்னை அவமானப்படுத்தியது.

நாங்கள் எடுத்திருந்த வழக்கு ஒரு மென்பொருள் வரைபடத்தைப் பற்றியது. சரி, அந்த வித்தை என்னதான் என்று பார்ப்போமே என்று த்ரீவீலை ஓரமாக நிறுத்திவிட்டு, போனில் ஏ.ஐ.-யைத் திறந்து எங்கள் துப்பறியும் அலுவலகம் எப்படி நடக்கிறது என்பதை வாயாலேயே சொன்னேன். "விமலாதேவி மிஸ் யோசிப்பாங்க. நான் த்ரீவீல் ஓட்டுவேன், தேத்தண்ணி வாங்கியாருவேன், பேசிக்கிட்டே இருப்பேன். கடைசியில மிஸ் கண்டுபிடிச்சிருவாங்க."

அரை நிமிடத்தில் பெட்டியும் அம்புமாக ஒரு படம் வந்து விழுந்தது. 'விமலாதேவி' என்ற பெட்டியிலிருந்து 'தீர்வு' என்ற பெட்டிக்குத் தடித்த அம்பு ஒன்று. 'உதயராஜ்' என்ற பெட்டியிலிருந்து 'தேநீர்' என்ற பெட்டிக்கு மெல்லிய அம்பு ஒன்று. அதற்குக் கீழே ஒரு குறிப்பு: இந்தப் பகுதியை நீக்கினாலும் அமைப்பு இயங்கும்.

பின் ஆசனத்திலிருந்து எட்டிப் பார்த்த விமலாதேவி கண்ணாடியைச் சரிசெய்தார்.

"உள்ளதைத்தானே கீறியிருக்கு, தம்பி."

"மிஸ், தேத்தண்ணி இல்லாம நீங்க ஒரு கேஸாவது முடிச்சிருக்கீங்களா?"

"அதுக்குத்தான் ஒரு சின்ன அம்பு போட்டிருக்கே. பிறகென்ன?"

விமலாதேவி சுன்னாகத்தில் பிறந்தவர். இரத்தினபுரியில் அரசாங்க அலுவலகம் ஒன்றில் முப்பது வருடம் மற்றவர்களின் பொய்களைக் கோப்புகளில் கோத்து வைத்துவிட்டு, ஓய்வு பெற்ற மறு மாதமே அந்தப் பொய்களைப் பிரித்துப் பார்க்கும் தொழிலைத் தொடங்கினார். நான் உதயராஜ். இரத்தினபுரி கடைத்தெருவில் பிறந்து வளர்ந்தவன். தேயிலையைப் பைக்கட்டில் பார்த்ததுதான் அதிகம்.

வழக்கு இதுதான். தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் அழகம்மாவின் மகள் சுலக்சனா, இருபத்து நான்கு வயது, தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து போய்த் தோட்ட அலுவலகத்தில் கணினிக்கு முன்னால் உட்கார்ந்த முதல் ஆள். கொழுந்து தொழிற்சாலைக்குள் வந்ததும் எந்த நேரத்தில் எந்த இயந்திரத்தில் இருக்கிறது என்று போனிலேயே பார்க்கும் மென்பொருள் ஒன்று செய்யக் கொழும்புக் கம்பெனி ஆசைப்பட்டது; நல்ல படம் கொடுப்பவருக்கு அங்கே ஒரு பதவியும் காத்திருந்தது. வீடு கட்டுவதற்கு முன்னால் பிளான் கீறுவதுபோல, அதற்கும் முதலில் ஒரு வரைபடம் வேண்டும். சுலக்சனா தொழிற்சாலை வேலையைப் பேச்சுத் தமிழில் ஏ.ஐ.-யிடம் சொன்னாள். அது கீறிக் கொடுத்தது. திருத்தி, போன வாரம் புதன்கிழமை கம்பெனிக்குக் கொடுத்தாள்.

அதே படத்தை இரத்தினபுரிக் கிளையின் கணினி அதிகாரி மதுசன் அந்த வாரத் திங்கட்கிழமையே கொடுத்திருந்தார்.

ஆகவே திருடி சுலக்சனா. இன்று பதினொன்றரைக்கு விசாரணை. குற்றம் உறுதியானால் இன்றோடு வேலை போகும், கையில் கொடுக்கிற கடிதத்தைப் பார்த்தால் வேறு எந்தக் கம்பெனியும் சேர்க்காது. முந்தாநாள் அழகம்மா எங்கள் அலுவலகத்துக்கு வந்து, "எம்புள்ள களவெடுக்க மாட்டா மிஸ், நான் அப்படி வளக்கல" என்று மட்டும்தான் சொன்னார். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

எந்தப் படத்தை எப்போது கீறியது என்று அந்தக் கணினியிலேயே பார்க்கலாமே என்று கேட்பீர்கள். அலுவலகத்தில் எல்லாரும் ஒரே கடவுச்சொல்லில் நுழைகிற ஒரே கணக்கு. பழைய உரையாடல் முழுவதும் துடைத்தெடுத்த சட்டியாகக் கிடந்தது. சுலக்சனாவையோ விசாரணை முடியும்வரை யாரோடும் பேசவிடாமல், போனையும் வாங்கி வைத்துக்கொண்டு, ஸ்டோர் அறையில் உட்கார வைத்திருந்தார்கள்.

கையில் இருந்தது இரண்டே தாள்தான். மதுசனின் படம் சற்று முன்புதான் எங்களுக்குக் கிடைத்தது. விமலாதேவி இரண்டையும் மடியில் விரித்தார்.

"எல்லாம் ஒண்டுதான். லொறி, நிறுவை, வாட்டுற தட்டு, உருட்டுற ரோதை, சூளை. ஆனால் இதைப் பாரும்."

மதுசனின் படத்தில் உருட்டும் இயந்திரமான ரோதைக்குப் பக்கத்தில் குச்சி மனிதன் ஒருவன் நின்றான். கீழே எழுதியிருந்தது: முனியாண்டி. இயந்திர இயக்க அனுமதி. எப்போதும் தொழிற்சாலையில் இருப்பார். விடுப்பு இல்லை. இவர் அனுமதி இன்றி இயந்திரம் இயங்காது.

சுலக்சனாவின் படத்தில் குச்சி மனிதன் இல்லை.

"லீவே எடுக்காத தொழிலாளியா!" என்றேன். "யூனியன்காரங்களுக்குத் தெரிஞ்சா கொடி புடிச்சிருவாங்க, மிஸ்."

"பகிடியை விடும். இது எங்களுக்குக் கூடாத செய்தி. மதுசனிட்டை ஒரு ஆள் கூட. அப்ப மதுசன்தான் உள்ளுக்கை போய் விசாரிச்சு முழுசாச் செய்தவர், பிள்ளை அதைப் பார்த்துக் கீறேக்கை ஒண்டை விட்டிட்டாள் எண்டுதான் சொல்லுவினம்." கொஞ்ச நேரம் அந்தக் குச்சி மனிதனையே பார்த்தார். "ஆனால் இந்த மெசினுக்குச் சொந்தமா ஒண்டும் தெரியாது தம்பி. ஆரோ சொன்னதைத்தான் கீறும். முனியாண்டியைப் பற்றி ஆர் சொன்னது? அவரைப் பிடிச்சால், தன்னோடை வந்து கதைச்ச ஆள் ஆரெண்டு அவரே சொல்லுவார்."

இரண்டரை மணி நேரம், ஒரு முனியாண்டி. நான் சட்டையைத் தட்டிக்கொண்டு இறங்கினேன்.

தோட்ட அலுவலகத்தில் பெயர்ப் பதிவு பார்க்கும் நிலுஷா, செக்ரோல் என்கிற தொழிலாளர் பதிவேட்டை இரண்டு தடவை புரட்டினார்.

"மூணு முனியாண்டி இருக்காங்க. ஒருத்தரு ரெண்டாம் டிவிசன்ல, மலையில புல்லு வெட்டுறாரு. ஒருத்தரு பென்சன் எடுத்துட்டு தெஹியோவிட்டையில மக வீட்டுல. இன்னொருத்தரு கட்டார்ல."

"ஃபெக்டரியில?"

"ஃபெக்டரி லிஸ்ட்ல அப்படி யாருமே இல்லையே."

வெளியே வந்ததும் என் மூளை பறக்கத் தொடங்கியது. "மிஸ், ஆள் இருக்கான், பதிவுல இல்ல. லீவு இல்ல. வெளிய விட மாட்டாங்க. அடைச்சு வச்சிருக்காங்க மிஸ்! பொலிசுக்குச் சொல்லுவமா?"

"முதல்ல தேத்தண்ணி சொல்லும். உம்மடை அம்பு அதுதானே."

கேட்டுக்கு எதிரே இந்திராணி அக்காவின் தேநீர்க்கடை. ரொட்டியைத் தட்டிக்கொண்டே பேசுகிற பெண். ஒரு கையால் கல்லில் போடுவார், மறு கையால் காசு வாங்குவார், வாய் மூன்றாவது வேலை பார்க்கும். நான் மெதுவாகக் கேட்டேன்.

"அக்கா, ஃபெக்டரியில முனியாண்டின்னு..."

"உள்ளதான் இருக்காரு. எங்க போகப் போறாரு?"

நான் விமலாதேவியைப் பார்த்தேன். ஆள் உயிரோடு இருக்கிறான்!

"நீங்க பாத்தீங்களா?"

"காலையிலகூடப் பாத்துட்டுத்தானே வாறேன். கடை தொறக்கிறதுக்கு மொதல்ல அவர ஒருக்கா பாத்துட்டுத்தான் வருவேன்."

"ஆள் எப்படி? நல்லவரா?"

இந்திராணி அக்கா கரண்டியை நிறுத்திவிட்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "நல்லவருதான். ஆனா கோவக்காரரு. போன வருசம் புதுசா வந்த ஒருத்தன் அவருகிட்ட சொல்லாம ரோதையப் போட்டுட்டான். வெரல் நசுங்கி ஆஸ்பத்திரிக்குப் போனான்."

நான் என் பத்து விரலையும் ஒருமுறை பார்த்துக்கொண்டேன். விமலாதேவி ஒரு மிடறு குடித்துவிட்டு அமைதியாகக் கேட்டார்.

"அவரை நாங்களும் பார்க்க ஏலுமோ?"

"ஏன் பார்க்க ஏலாது? யாரு வேணும்னாலும் பார்க்கலாம். செருப்பக் கழட்டிட்டுப் போங்க."

தேயிலை என்பது ஊர் ஊராகக் குடிக்கிற சாமான். செருப்போடு உள்ளே விட மாட்டார்கள், அது சுத்தத்துக்கான சட்டம் என்று நான் விமலாதேவிக்கு விளக்கினேன். அவரும் தலையாட்டினார். இரண்டு புத்திசாலிகள் சேர்ந்து முட்டாளாகும்போது அதற்கு ஒரு தனி அழகு இருக்கத்தான் செய்கிறது.

தொழிற்சாலைக்குள் வாட்டிய கொழுந்தின் பச்சை வாசம் மூக்கில் ஏறியது. வாசலிலேயே செருப்பைக் கழட்டி வைத்துவிட்டு, பித்தளைச் சட்டி போன்ற உருட்டும் இயந்திரங்களுக்கு நடுவே போனோம். ரோதைக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தவர் பெயர் மூக்கையா, நாற்பது வயது இருக்கும். சத்தத்துக்கு மேலே கத்தினேன்.

"அண்ணே! முனியாண்டியப் பாக்கணும்!"

"நேராப் போங்க! கடைசி ரோதைக்குப் பின்னால!"

"பிஸியா இருக்காரா?"

மூக்கையா சிரித்தார். "இன்னைக்கு வியாழக்கெழமைதானே. சும்மாதான் இருப்பாரு!"

கடைசி இயந்திரத்தைச் சுற்றிப் போனோம். அங்கே தகரக் கூரை போட்ட ஒரு மூலை. அதற்குள் முழங்கால் உயரத்தில் ஒரு கருங்கல், அதன் முன்னே சூலம், சூலத்தில் குத்திய தேசிக்காய், நேற்றைய செவ்வரளி மாலை, எரிந்துகொண்டிருக்கிற ஒரு சின்ன விளக்கு. அதைத் தவிர அங்கே ஒரு ஈ காக்கை இல்லை.

நான் கல்லைப் பார்த்தேன். கல் என்னைப் பார்த்தது. 'எப்போதும் தொழிற்சாலையில் இருப்பார். விடுப்பு இல்லை.' என் சொந்தத் தாய்மாமன் பெயரே முனியாண்டி. அந்த ஒரே காரணத்தால், பெயரைப் பார்த்ததும் ஒரு ஆளைத்தான் நினைத்தேனே தவிர, சாமியை நினைக்கவில்லை.

"மிஸ்," என்றேன், "சாட்சி பேசமாட்டாரு போல இருக்கு."

விமலாதேவி முதலில் கைகூப்பிக் கும்பிட்டார். பிறகுதான் சிரிக்கத் தொடங்கினார். நான்கு வருடத்தில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு, கண்ணில் நீர் வர, இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

பின்னால் வந்த மூக்கையாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "ரோதமுனின்னும் சொல்லுவாங்க. எங்களுக்கு முனியாண்டி. காலையில இவருக்குச் சூடம் காட்டிட்டுத்தான் ரோதையில கை வைப்போம். பத்து நிமிசமாகும். தொரையே ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

"தம்பி, சுலக்சனா இஞ்சை வந்தவளோ?" என்று விமலாதேவி மூக்கையாவிடம் கேட்டார்.

"போன மாசம் ஒரு நா காலையில பூரா இங்கதான் இருந்துச்சு பாப்பா. போனக் கையில வச்சிக்கிட்டு, நாங்க என்னென்ன செய்றோமோ அத ஒண்ணு விடாம சொல்லிக்கிட்டே இருந்துச்சு. சூடம்கூட அதுதான் காட்டிச்சு."

"இரத்தினபுரியில இருந்து மதுசன் எண்டு ஒரு அதிகாரி?"

"அந்த ஐயாவா? ஒருக்கா வாசல் வரைக்கும் வந்தாரு. சப்பாத்தக் கழட்டச் சொன்னோம். லேசு கட்டுன சப்பாத்து, கழட்ட ஏலாதுன்னு திரும்பிப் போயிட்டாரு. பொறகு இந்தப் பக்கமே வரல."

எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல இருந்தது. "முடிஞ்சுது மிஸ்! மூக்கையா அண்ணன் வந்து சொன்னாப் போதும்!"

விமலாதேவியின் சிரிப்பு அடங்கியிருந்தது. "ரோதைக்கு எண்ணெய் விடுறவர் ஒருத்தரின்ரை சொல்லுக்கும் அதிகாரியின்ரை சொல்லுக்கும் இடையில, விசாரணையில எது எடுபடும் எண்டு முப்பது வருசம் பார்த்தனான். இவர் சொல்லிக் காணாது. மதுசனே சொல்லவேணும்."

"அவரு எதுக்கு மிஸ் சொல்லப் போறாரு?"

"கேட்கிற மாதிரிக் கேட்டால் சொல்லுவார். நீர் மட்டும் தயவுசெய்து சிரிக்காதேயும்."

பதினொன்றரைக்கு அலுவலகத்தின் நீள மேசைக்குத் தலைமாட்டில் லியனகே தொரை உட்கார்ந்தார். தோட்டத்தின் முகாமையாளர். சிங்களவர், தமிழை லயத்துக்காரர் போலவே பேசுவார். வலப்பக்கம் மதுசன், இஸ்திரி கலையாத சட்டை, பளபளக்கும் சப்பாத்து. இடப்பக்கம் சுலக்சனா, இரண்டு கையையும் மடியில் இறுக்கிக்கொண்டு. வாசலுக்கு வெளியே, மலையிலிருந்து அப்படியே இறங்கி வந்த கோலத்தில் அழகம்மா. எண்ணெய்த் துணியோடு மூக்கையாவும் வந்து நின்றார். உள்ளே வர யாரும் அவர்களை அழைக்கவில்லை.

சுலக்சனாவின் சார்பில் பேச அனுமதி வாங்கியிருந்த விமலாதேவி பணிவே உருவாக எழுந்தார்.

"மதுசன் தம்பி, இந்தப் படத்தை நீங்கள்தான் செய்வித்தனீங்களோ?"

"ஓம் மிஸ். தொழிற்சாலையைப் பற்றி நான் வசனமா எழுதிக் குடுத்தனான். ஏ.ஐ. கீறித் தந்தது."

"வசனம் எழுத விசயம் தெரியவேணுமே. ஆரிட்டைக் கேட்டனீங்கள்?"

"எல்லாரிட்டையும். ஒவ்வொருத்தரோடையும் தனித்தனியா இருந்து கதைச்சனான்."

"பிள்ளையின்ரை படத்தில முனியாண்டி எண்டு ஒருத்தர் இல்லை. அதுதான் எனக்கு விளங்கேல்லை."

மதுசனின் முகம் மலர்ந்தது. "அதைத்தானே நானும் சொல்லுறன். உள்ளுக்கை போய் ஆக்களோட கதைச்சிருந்தா அவரை விட்டிருப்பாவோ? அங்க முக்கியமான ஆளே அவர்தான். அவருக்கு ஒரு தனிக் கணக்கும் கடவுச்சொல்லும் குடுக்கவேணும் எண்டு அறிக்கையில எழுதியிருக்கிறன்."

மேசைக்கோடியில் உட்கார்ந்திருந்த தொழிற்சாலைப் பொறுப்பாளர், டீமேக்கர், திடீரென்று இருமினார். விமலாதேவியின் முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையவில்லை.

"அப்ப அவரோடை வடிவாக் கதைச்சிருப்பியள்."

"ஒரு மணித்தியாலம். கன்டீன்ல வச்சு, தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு."

"எப்பிடியான ஆள்?"

"அமைதியான மனுசன். ஐம்பது, ஐம்பத்தைஞ்சு வயசிருக்கும். நல்லா ஒத்துழைச்சவர்."

என்னால் முடியவில்லை. "தேத்தண்ணிக்குச் சீனி போட்டாருங்களா, சார்?"

"குறைவாத்தான்," என்றார் மதுசன்.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இவர் வாயோடு சீனியும் சேர்த்துக்கொண்டார். வாசலில் யாரோ சிரிப்பை அடக்குகிற சத்தம் கேட்டது. சுலக்சனா தலையை நிமிர்த்தி முதன்முறையாக எங்களைப் பார்த்தாள். லியனகே தொரை பேனாவை மூடி மேசையில் வைத்தார்.

"மதுசன். நான் இந்தத் தோட்டத்துக்கு வந்து பதினொரு வருசம். ஒவ்வொரு வெள்ளிக்கெழமையும் அவருக்கு முன்னால தேங்கா ஒடைக்கிறது நான். இன்னைக்கு வரைக்கும் என்கூட ஒரு வார்த்தை பேசல." தொரை மதுசன் பக்கம் சாய்ந்தார். "ஒங்ககூட ஒரு மணித்தியாலமா?"

மதுசனுக்கு இன்னும் விளங்கவில்லை. அவர் பார்வை ஒவ்வொருவர் முகமாக ஓடியது.

"ஹரி," என்று சிங்களத்திலேயே 'சரி' சொன்னார் தொரை. "முக்கியமான சாட்சி. போய்க் கூட்டிக்கிட்டு வாங்க. நானும் கேக்கணும்."

வாசலிலிருந்து மூக்கையா மிகுந்த மரியாதையோடு சொன்னார். "ஐயா, நான் காட்டுறேன். சப்பாத்த மட்டும் கழட்டிட்டு வாங்க."

ஐந்து நிமிடத்தில் மதுசன் திரும்பி வந்தார். சப்பாத்துகள் கையில் இருந்தன. காலுறையில் தேயிலைத் தூள். யார் முகத்தையும் பார்க்காமல், அலுவலகக் கணக்கை நிர்வகிப்பது தான்தான் என்பதையும், சுலக்சனாவின் முதல் படத்தை அங்கிருந்து எடுத்ததையும், அது அந்தக் கொழும்புப் பதவிக்காகத்தான் என்பதையும், பிறகு எல்லாவற்றையும் அழித்ததையும் ஒரே மூச்சில் சொன்னார். எனக்கு அவர்மீது கொஞ்சம் இரக்கம் வந்தது. ஸ்டோர் அறையில் அந்தப் பெண் இருந்த மூன்று மணி நேரத்தை நினைத்ததும் அது போய்விட்டது.

வேலையை இழந்து அவர் வெளியே போனபிறகு தொரை சுலக்சனாவிடம் திரும்பினார்.

"மொதப் படத்துல முனியாண்டி இருந்தாரு. பொறகு நீங்க ஏன் எடுத்தீங்க?"

அவள் மடியிலிருந்த கைகளைப் பார்த்தபடி சொன்னாள். "நான் வேலையச் சொல்லும்போது அவரையும் சேத்து சொல்லிட்டேன், சார். அது அவர ஆளுன்னு நெனச்சுக் கீறிருச்சு. கொழும்புல பாத்தா சிரிப்பாங்கன்னு அழிச்சேன்." தொரையை நிமிர்ந்து பார்த்தாள். "எனக்கு வெக்கமா இருந்துச்சு சார். லயத்துப் புள்ள சாமியக் கம்பியூட்டர்ல போட்டிருக்கான்னு சொல்லுவாங்கன்னு நெனச்சேன்."

  உள்ளே காலெடுத்து வைக்காதவன் அவரைத் துணிந்து படத்தில் வைத்துக்கொண்டான். சூடம் காட்டியவள் வெட்கப்பட்டு அழித்திருக்கிறாள்.

"நாளைக்குக் காலையில அவருகிட்டக் கேக்காம ரோதை ஓடுமா?" என்றார் தொரை.

"ஓடாது, சார்."

"அந்தப் பத்து நிமிசம் தெரியாத சொஃப்ட்வெயார் எனக்கு எதுக்கு? திரும்பப் போடுங்க. இப்பவே."

சுலக்சனா தன் நாற்காலிக்குப் போனாள். உட்காருவதற்கு முன்னால் அதன் முதுகைக் கையால் ஒருமுறை தொட்டுப் பார்த்தாள். தொரை வாசல் பக்கம் கையசைத்து, "உள்ள வாங்கம்மா" என்றார். அழகம்மா வந்து மகளுக்குப் பின்னால் நின்றார். கொழுந்துக் கறை பிடித்த விரல்கள் மகளின் தோளில் இருந்தன.

சுலக்சனா கணினியிடம் நடுக்கமில்லாமல் சொன்னாள். "ரோதைய ஓட்டுறதுக்கு முன்னால முனியாண்டிகிட்டக் கேக்கணும்." பெட்டிகள் நகர்ந்தன. அம்புகள் இடம் மாறின. குச்சி மனிதன் மறுபடியும் தன் இடத்தில் வந்து நின்றான். கீழே ஒரு கேள்வி தோன்றியது. அதை அவள் எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தாள்.

"முனியாண்டி அனுமதி மறுத்தால் என்ன நடக்க வேண்டும்?"

விமலாதேவி என்னைப் பார்த்தார். நான் தொரையைப் பார்த்தேன். பதில் அழகம்மாவிடமிருந்து வந்தது.

"அந்த ஐயாவுக்குப் போன மாதிரி வேல போயிரும்னு போடும்மா."